‘உடைக்காமல் விழுங்கவும்’ என்றால் ஏன் உடைக்கக் கூடாது? கேள்வி பதில்

மாத்திரைத் தயாரிப்பில் பல வருஷம் இருந்தவன் நான். மருந்தை மெல்ல மெல்ல விடும் பாலிமர்கள் (நீளச் சங்கிலியாகக் கோத்த மூலக்கூறுகள்) பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி: மாமியாருக்குச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எஸ்.ஆர். 1000. பெரிசா இருக்கு, விழுங்க முடியலை. இடிச்சுத் தரலாமா சார்?

பதில்: வேண்டாம்மா. எஸ்.ஆர். என்றால் மருந்தை மெல்ல விடும் வகை. அதில் மருந்தோடு எச்.பி.எம்.சி. மாதிரி ஒரு பாலிமரைக் கலந்து அழுத்தியிருப்பார்கள். செல்லுலோஸிலிருந்து செய்வது. தண்ணீர் பட்டதும் சப்ஜா விதைபோல மேற்புறம் கொழகொழவென்று ஊறும். அந்தக் கூழைத் தாண்டித்தான் தண்ணீர் உள்ளே போக வேண்டும், மருந்து வெளியே வர வேண்டும். ஒரு மாத்திரையை டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள்: மேலே வழுக்கும், நடுவில் கெட்டியாக இருக்கும். (பார்த்த மாத்திரையைக் குப்பையில் போடுங்கள், திரும்ப அட்டைக்குள் செருகாதீர்கள்!) இடித்தால் பல மணி நேரத்துக்கான மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும். டாக்டரிடம் சொல்லுங்கள், சாதாரண மெட்ஃபார்மினைப் பிரித்துக் கொடுக்க வழி சொல்வார்.

கேள்வி: அப்பாவுக்கு பிரஷருக்கு நிஃபெடிபின். மலத்தில் மாத்திரை முழுசா வருதாம். காசு தண்டமா?

பதில்: இல்லை தம்பி, வந்தது வெறும் கூடு. அவர் சாப்பிடுவது ஆஸ்மாட்டிக் (osmotic) வகையாக இருக்கும், அதாவது உள்ளே இழுத்த தண்ணீரின் அழுத்தத்தால் மருந்தை வெளியே தள்ளும் வகை. செல்லுலோஸ் அசிடேட் ஓடு தண்ணீரை உள்ளே விடும், மருந்தை வெளியே விடாது. உள்ளே அடியில் இருக்கும் பாலிமர் அடுக்கு ஊறி உப்பி, மேலேயுள்ள மருந்தை லேசரால் போட்ட பொடித் துளை வழியே பிதுக்கித் தள்ளும். முறுக்கு அச்சை அழுத்துகிற மாதிரிதான். வேலை முடிந்ததும் ஓடு அப்படியே வெளியேறும். எனக்கு இந்த வடிவமைப்பின் மேல் தனிப் பிரியம்.

கேள்வி: என் பிரஷர் மாத்திரை மெட்டோபிரோலாலில் நடுவே கோடு இருக்கே அண்ணா? அதையும் உடைக்கக் கூடாதா?

பதில்: அந்தக் கோடு உடைக்கத்தானா என்று பார்மசியில் கேட்டுக்கொள்ளுங்கள். சில மெட்டோபிரோலால் சக்சினேட் மாத்திரைகளில் நூற்றுக்கணக்கான குருணைகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனிப் பூச்சு. பாதியாக்கினால் குருணை உடையாது. மெல்லவோ பொடிக்கவோ கூடாது. குருணை யோசனை பழசு: 1952இல் ஸ்மித் கிளைன் அண்ட் ஃபிரெஞ்ச் கம்பெனி விட்ட ஸ்பான்சூல் கேப்ஸ்யூலிலேயே உண்டு.

கேள்வி: மாசம் ஒரு ஊசி போட்டால் போதும் என்கிறார்களே, அது?

பதில்: அங்கே வேலை செய்வது பி.எல்.ஜி.ஏ. தானாகக் கரையும் தையல் நூலின் உறவுக்காரப் பாலிமர். நுண்ணிய உருண்டைகளில் மருந்தை வைத்து ஊசியில் செலுத்துவார்கள். உடம்புத் தண்ணீரில் அது சிதைந்து லாக்டிக், கிளைகாலிக் அமிலங்களாகும். புரோஸ்டேட் புற்றுநோய்க்கான லியூப்ரோலைட் மாத ஊசிக்கு அமெரிக்காவில் 1989இல் அனுமதி கிடைத்தது.

கேள்வி: ரெண்டு பெக் போட்டுட்டு வலி மாத்திரை போட்டா என்ன?

பதில்: தண்ணீரில் அசையாத சில பூச்சுகள் சாராயத்தில் கரைந்துவிடும். பல்லடோன் என்ற 24 மணி நேர ஹைட்ரோமார்ஃபோன் (மார்ஃபின் குடும்பத்து வலிமருந்து) கேப்ஸ்யூல் மதுவோடு சேர்ந்தால் மருந்தை மொத்தமாகக் கொட்டிவிடும் என்று தெரிந்து, 2005இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். மூச்சையே நிறுத்தக்கூடிய மருந்து அது. சாதாரண வலி மாத்திரையும் சாராயமும்கூடச் சேரக் கூடாதவைதான், அது வேறு காரணம். பெக்கை விடுங்கள் தம்பி.