சேலத்தில் பழைய வீடு வாங்குகிறேன். பேங்க் வக்கீல் பார்த்தால் போதுமா, தனியாக வக்கீல் வைக்க வேண்டுமா?

உங்கள் கேள்வியில் உள்ள விவரம் இது: அழகாபுரம் பக்கம் 2,400 சதுர அடி மனையில் பழைய வீடு. விற்பவரின் அப்பா வாங்கியது, அவர் இப்போது உயிரோடு இல்லை. புரோக்கர் "நம்ம வக்கீல் ஒருத்தர் இருக்கார்" என்கிறார். பேங்க் "எங்க பேனல் வக்கீல் பார்த்துடுவார்" என்கிறது.

இரண்டும் போதாது. தனியாக ஒருவரை வையுங்கள், அதையும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே செய்யுங்கள்.

பேனல் வக்கீல், அதாவது பேங்க் தன் பட்டியலில் வைத்திருக்கும் வக்கீலுக்கான பணம் உங்கள் பாக்கெட்டிலிருந்து போகும், ஆனால் அவருடைய கட்சிக்காரர் பேங்க். சொத்தின் உரிமை தெளிவா என்று அவர் எழுதித் தரும் ஒப்பீனியன் நேராக அங்கே போய்விடும். பல சமயம் அதன் நகல்கூட உங்கள் கைக்கு வராது. 60 லட்சம் வீட்டுக்கு 35 லட்சம் லோன் என்றால் அந்த 35 லட்சம் பாதுகாப்பாக இருக்கிறதா என்பதுதான் அவர் பார்க்கும் விஷயம். மீதி 25 உங்கள் கவலை. புரோக்கர் காட்டும் வக்கீலுக்கு வேறு சங்கடம்: வியாபாரம் முடிந்தால்தான் புரோக்கருக்குக் கமிஷன், அடுத்த கேஸும் அதே புரோக்கரிடமிருந்துதான் வர வேண்டும். பத்திர எழுத்தர் பத்திரம் எழுதுவார். உரிமை யாருக்கு என்று ஆராய்வது அவர் வேலை அல்ல, அவரைக் குறை சொல்லவும் முடியாது.

வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதனால் விசாரித்துத்தான் பிடிக்க வேண்டும். அஸ்தம்பட்டி கோர்ட்டில் சிவில் பக்கம், குறிப்பாகப் பாகப்பிரிவினை வழக்கு நடத்துகிறவர் யார் என்று கேளுங்கள். ஒப்பீனியன் மட்டும் எழுதிப் பழகியவரைவிட, பத்திரங்கள் கோர்ட்டில் எந்த இடத்தில் உடைகின்றன என்று பார்த்தவர் மேல் என்பது என் கட்சி. முதல் சந்திப்பிலேயே ஆள் தெரிந்துவிடும். "ஜெராக்ஸ் குடுங்க, நாளைக்கு ஒப்பீனியன் ரெடி" என்றால் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். "அவங்க அப்பா எப்ப இறந்தார்? அப்ப அவரோட அம்மா இருந்தாங்களா? பொண்ணுங்க எத்தனை பேர்?" என்று கேட்கிறவரிடம் உட்காருங்கள்.

கட்டணத்தை மொத்தத் தொகையாகப் பேசுங்கள். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அதே தொகை என்று இருக்க வேண்டும். அதில் எவை அடங்கும் என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்: வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான பத்திரங்கள், கடன்கள்) தேடுவது, சான்றிட்ட நகல் எடுப்பது, கோர்ட் தேடல், அக்ரிமென்ட், கிரையப் பத்திர வரைவு, பதிவு அன்று கூட இருப்பது.

உங்கள் வீட்டில் முக்கியமான முடிச்சு வாரிசுதான். அப்பா சுயமாக வாங்கிய சொத்து, அவர் இந்து, உயில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு மகன், ஒரு மகள், அவர் இறக்கும்போது உயிரோடிருந்த அவருடைய தாய் என்று ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. இந்தத் தாயைத்தான் எல்லோரும் மறப்பார்கள். அந்தப் பாட்டி பிறகு உயில் இல்லாமல் இறந்திருந்தால், அவர் பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் போகும். அதாவது விற்பவரின் சித்தப்பாவும் அத்தையும் கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு வந்துவிடுகிறார்கள். தாசில்தார் தரும் வாரிசுச் சான்று யார் யார் வாரிசு என்று காட்டுமே தவிர, பங்கைத் தீர்மானிக்காது. "தங்கச்சி சீர் வாங்கிட்டுப் போயிட்டா, அவளுக்கு ஒண்ணும் இல்லை" என்ற பேச்சு சட்டத்தில் செல்லாது. அந்தத் தங்கை பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுத்து அவர் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். வாரிசுகளில் 18 வயது ஆகாதவர் இருந்து, அவர் பங்கைத் தாய் கோர்ட் அனுமதி இல்லாமல் விற்றிருந்தால், மேஜரானதிலிருந்து மூன்று வருடத்துக்குள் அதை ரத்து செய்யக் கேட்கலாம்.

அடுத்தது வில்லங்கம். பதிவுத்துறைத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், ஆனால் எந்த எண்ணைப் போட்டுத் தேடுகிறோமோ அதற்கு மட்டுமே பதில் வரும். சேலத்தில் இது பெரிய வலை. நகரப் பகுதியில் பழைய கிராம சர்வே எண் ஒன்று இருக்கும். நகர அளவைக்குப் பிறகு வார்டு, பிளாக், டி.எஸ். (நகர அளவை) எண் என்று வேறொன்று வந்திருக்கும். 1994-ல் மாநகராட்சி ஆனபோது பக்கத்து ஊர்களும் உள்ளே வந்ததால் பழைய பத்திரத்தில் கதவு எண்ணும் வேறாக இருக்கலாம். எல்லா எண்களிலும் தனித்தனியாகத் தேட வேண்டும். அந்தப் பகுதி முன்பு வேறு சார்பதிவாளர் எல்லையில் இருந்திருந்தால் அந்தக் காலத்துக்கு அங்கேயும் மனுப்போட வேண்டும். 30 வருடத்துக்காவது பாருங்கள். சொத்து அடமானத்தை மீட்க வழக்குப் போடும் காலக்கெடு அவ்வளவு நீளம்.

வில்லங்கத்தில் வராதவையும் உண்டு. பதிவு செய்யாத உயில், வீட்டுக்குள் எழுதிய கூர்ச்சீட்டு (பாகம் பிரித்த குறிப்பு), நிலுவையில் உள்ள வழக்கு, பதிவு இல்லாமல் பத்திரத்தை மட்டும் கொடுத்து வாங்கிய கடன் ஆகியவை அங்கே தெரியாது. அதனால்தான் மூலப்பத்திரத்தின் அசலைக் கண்ணால் பார்க்க வேண்டும், சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் எடுத்துப் பக்கம் பக்கமாக ஒப்பிட வேண்டும், விற்பவர் பெயரில் மாவட்ட கோர்ட் வழக்குகளையும் தேட வேண்டும். பழைய கடன் அடைந்துவிட்டது என்றால் அதற்கான ரசீதுப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வேறு யாருடனோ போட்ட பழைய விற்பனை அக்ரிமென்ட் வில்லங்கத்தில் நின்றால், அதற்கு ரத்துப் பத்திரம் வேண்டும்.

அளவையும் விடாதீர்கள். 2,400 சதுர அடி என்பது 5.5 சென்ட், சுமார் 223 சதுர மீட்டர். பத்திரம், நகர அளவைப் பதிவேடு, நேரில் டேப் பிடித்த அளவு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். குறைந்தால் பெரும்பாலும் பக்கத்து வீட்டுச் சுவரோ ரோடோ தின்றிருக்கும். மனைப்பிரிவுக்கு ஊராட்சித் தலைவர் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது என்றால், அனுமதியில்லாத மனைகளை முறைப்படுத்தும் 2017 விதிகளின்படி வரன்முறை ஆன உத்தரவைக் கேளுங்கள்.

ஒப்பீனியன் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள். "கீழ்க்கண்ட ஆவணங்கள் பெறப்பட்டால் உரிமை தெளிவானது" என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் உள்ளவை வரும் வரை அந்த ஒப்பீனியன் "சரி" என்று சொல்லவில்லை. நிறையப் பேர் "நல்ல உரிமை" என்ற வரியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

அக்ரிமென்டைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் அது கட்டாயம். அந்தப் பட்டியல் முழுக்க வராவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வேண்டும் என்றும், கெடு நாள் கடைசி ஆவணம் கைக்கு வந்த தேதியிலிருந்து ஓடும் என்றும் வக்கீலை எழுதச் சொல்லுங்கள்.

கிரையப் பத்திர வரைவை முத்திரைத்தாள் வாங்கும் முன் வக்கீலும் நீங்களும் தனித்தனியாகப் படியுங்கள். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். சர்வே எண்ணில் ஒரு இலக்கம் மாறினாலும் பிழைத்திருத்தப் பத்திரத்துக்கு விற்றவர்கள் அத்தனை பேரையும் மறுபடி கூப்பிட வேண்டும். அதில் ஒருவர் துபாயில் இருந்தால் உங்கள் பாடு திண்டாட்டம். விலை 50 லட்சம் அல்லது மேல் என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 சதவீத வருமான வரியை (டி.டி.எஸ்.) பிடித்துக் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு.

ஏற்காட்டிலும் இடம் பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். அதற்கு இந்த வக்கீலே போதும் என்று நினைக்காதீர்கள். ஏற்காடு ஹாகா என்னும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும எல்லைக்குள் வருகிறது, கட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும். 1949-ம் ஆண்டு தனியார் காடுகள் சட்டத்தில் அறிவிக்கப்பட்ட நிலமா, காப்பித் தோட்டம் என்று நில உச்சவரம்புச் சட்டத்தில் (ஒருவர் எவ்வளவு நிலம் வைத்திருக்கலாம் என்ற வரம்பு) விலக்குப் பெற்றதைத் துண்டு போட்டு விற்கிறார்களா என்பதையெல்லாம் மலை நிலம் கையாண்டவர்தான் முதல் நாளே கேட்பார்.

பதிவு முடிந்ததும் வக்கீலிடமிருந்து எல்லா அசல்களையும் பட்டியலோடு திரும்ப வாங்குங்கள். மனை முழுதாக உங்கள் பெயருக்கு மாறினால் பட்டா மாற்றம் தானாக நகரும். உட்பிரிவு (மனையைப் பிரித்துத் தனி எண் தருவது) தேவை என்றால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், அதைத் துரத்துவதும் வக்கீல் வேலையா உங்கள் வேலையா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சொத்து வரி, குடிநீர், மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கு வக்கீல் தேவையில்லை.