ஹன்டருக்குக் கொடுத்தது சரியா, ஜென்ட்டியை ஏமாற்றிவிட்டார்களா?

2024 ஹெய்ஸ்மன் டிராஃபி கொலராடோவின் டிராவிஸ் ஹன்டருக்குப் போனது நியாயம்தானா, பாய்ஸி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்ட்டிக்குப் போயிருக்க வேண்டியதில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: ஹன்டருக்குக் கொடுத்தது சரி. ஆனால் ஹன்டர் கட்சிக்காரர்கள் அடுக்குகிற காரணங்களில் பாதி எனக்கு ஒப்பவில்லை. முக்கியமாக, ஜென்ட்டி ஏதோ சப்பை அணிகளோடு மோதி யார்டு (பந்தோடு முன்னேறிய தூரம்) சேர்த்தவர் என்கிற பேச்சு.

இந்த விளையாட்டைப் பார்க்காதவர்களுக்காக: இது ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதும் அமெரிக்க ஃபுட்பால். அதில் கல்லூரி அளவில் வருடத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கு 1935 முதல் கொடுத்துவரும் விருதுதான் ஹெய்ஸ்மன். ஓட்டுப் போடுபவர்களில் 870 பேர் பத்திரிகை, டிவி ஆட்கள், அது போக உயிரோடிருக்கும் பழைய வெற்றியாளர்கள், அப்புறம் ரசிகர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஓட்டு. ஒவ்வொருவரும் மூன்று பெயர் எழுத வேண்டும், 3, 2, 1 என்று புள்ளி. ஹன்டர் 2,231, ஜென்ட்டி 2,017.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. முதலிடத்துக்கு ஹன்டரை எழுதியவர்கள் 552 பேர், ஜென்ட்டியை எழுதியவர்கள் 309 பேர். ஆனால் மூன்று இடங்களையும் கூட்டினால் ஜென்ட்டி பெயர் 882 சீட்டுகளில் வந்திருக்கிறது, ஹன்டர் பெயர் 876 சீட்டுகளில்தான். அதாவது ஜெயித்தவரை முதல் மூன்றுக்குள்கூட சேர்க்காமல் விட்ட புண்ணியவான்கள் தோற்றவரை விட்டவர்களைவிட அதிகம். அந்த வருட கேம்களைப் பார்த்துவிட்டு ஒருவர் ஹன்டரை எப்படி நாலாவதாக வைக்க முடியும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சரி, ஜென்ட்டி விஷயத்துக்கு வருகிறேன். அவர் ரன்னிங் பேக், பந்தை வாங்கிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து ஓடுவதுதான் வேலை. ஓட்டெடுப்பு முடியும்போது 13 ஆட்டங்களில் 2,497 யார்டு, 29 டச்டவுன் (எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது). பந்து இவரிடம்தான் வரப்போகிறது என்று எதிரணிக்குத் தெரியும், மைதானத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், இருந்தும் நிறுத்த முடியவில்லை. பாய்ஸி ஸ்டேட் அப்போது சின்ன கான்ஃபரன்ஸில் (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) ஆடியது, உண்மைதான். ஆனால் அந்த சீசனில் பிளேஆஃபுக்கு (சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசிக்கட்ட நாக்அவுட் ஆட்டங்கள்) முன்னால் அவர்களைத் தோற்கடித்த ஒரே அணி ஓரிகன், அதுவும் 37-34 என்று தட்டுத்தடுமாறி. அந்த ஆட்டத்தில் ஜென்ட்டி எடுத்தது 192 யார்டு, மூன்று டச்டவுன். பெரிய அணி வந்தால் அடங்கிவிடுவார் என்று சொல்பவர்கள் இந்த ஒரு கேமைப் பார்த்திருந்தாலே போதும். அதுமட்டுமல்ல, அணி எளிதாக ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டங்களில் இரண்டாம் பாதியில் அவரை உட்கார வைத்துவிடுவார்கள், இல்லையென்றால் கணக்கு இன்னும் எங்கோ போயிருக்கும்.

ஆனாலும் ரன்னிங் பேக்கை அளக்க ஏற்கெனவே ஒரு கோல் இருக்கிறது. 1988இல் பாரி சாண்டர்ஸ் 11 ஆட்டங்களில் 2,628 யார்டு எடுத்தார், அதில் சீசன் முடிந்தபின் ஆடும் பௌல் ஆட்டத்தின் கணக்கே சேரவில்லை. ஜென்ட்டி பிளேஆஃபையும் சேர்த்து 14 ஆட்டங்களில் 2,601இல் நின்றார். மகத்தான சீசன்தான், ஆனால் அதைவிட உயரமான ஒன்றை நாம் பார்த்திருக்கிறோம்.

ஹன்டரை அளக்கக் கோலே கிடையாது. ஒரு பக்கம் வைட் ரிசீவராக, எறிகிற பந்தை ஓடிப் பிடித்து, 92 கேட்ச், 1,152 யார்டு, 14 டச்டவுன். இன்னொரு பக்கம் கார்னர்பேக்காக, எதிரணி ரிசீவரைக் காவல் காத்து, நாலு இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைத் தானே பிடித்துவிடுவது), தட்டிவிட்ட பந்துகள் 11. கார்னர்பேக்குக்கு இந்த எண்ணெல்லாம் பாதிக் கதைதான், நல்ல கார்னர் நிற்கும் பக்கம் குவாட்டர்பேக் பந்தையே எறிய மாட்டார், எறியாத பந்துக்குக் கணக்கு எங்கே இருக்கும்? இப்படி சீசன் முழுக்க 1,300க்கு மேற்பட்ட பிளேக்களில் (ஒவ்வொரு முறை பந்து ஆட்டத்துக்கு வருவதும் ஒரு பிளே) களத்தில் இருந்தார். நம் ஆட்கள் உடனே கிரிக்கெட் ஆல்ரவுண்டர் மாதிரி என்பார்கள். அது போதாது. ஆல்ரவுண்டர் தன் முறை வரும்வரை பெவிலியனில் கால் நீட்டி உட்காரலாம். ஹன்டருக்கு அணி தாக்கினாலும் வேலை, தடுத்தாலும் வேலை. 1960களின் நடுவில் ஆள் மாற்றும் கட்டுப்பாடு தளர்ந்த பிறகு, இரண்டு பக்கமும் முழுநேரம் ஆடுவது பெரிய கல்லூரிகளில் ஏறக்குறைய வழக்கொழிந்துபோன விஷயம். பெய்லருக்கு எதிரான ஆட்டத்தில் ஓவர்டைமில் கோல் கோட்டுக்குப் பக்கத்தில் எதிராளி கையிலிருந்த பந்தைத் தட்டி விழவைத்து ஆட்டத்தை முடித்தாரே, அதுவரை அன்று முழுக்க ரிசீவராகவும் ஓடிக்கொண்டிருந்தவர் அவர்.

"ஒரு பக்கம் மட்டும் ஆடியிருந்தாலும் ஜெயித்திருப்பார்" என்பதைத்தான் என்னால் ஏற்க முடியாது. வெறும் ரிசீவராகப் பார்த்தால் சான் ஹோசே ஸ்டேட்டின் நிக் நாஷ் கேட்ச், யார்டு, டச்டவுன் மூன்றிலும் நாட்டிலேயே முன்னால் இருந்தார். சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருதையும் ஹன்டருக்கே கொடுத்தது என் கணக்கில் தப்பு. ஹெய்ஸ்மன் இரண்டையும் கூட்டிப் பார்க்கிற விருது, அங்கே அவருக்குப் போட்டியில்லை. (கொலராடோ கோச் டியான் சாண்டர்ஸின் கேமரா ஆர்ப்பாட்டம் எனக்கு அலர்ஜி, அதனால் கொலராடோ பாசம் என்று நினைத்துவிட வேண்டாம்.)

அநியாயம் என்று கொதிக்க வேண்டுமானால் 1956ஐப் பாருங்கள். இரண்டு வெற்றி, எட்டுத் தோல்வி என்று சீசனை முடித்த நோட்டர் டேமின் பால் ஹார்னங் ஜெயித்தார், மகத்தான ரன்னிங் பேக்குகளில் ஒருவரான ஜிம் பிரவுன் ஐந்தாவது! 2009இல் டெக்சஸுக்கு எதிரான பிக் 12 கான்ஃபரன்ஸ் இறுதியில் அதன் குவாட்டர்பேக் கோல்ட் மெக்காயை நாலரை முறை சாக் செய்த (எறியுமுன் வீழ்த்திய; இருவர் சேர்ந்து வீழ்த்தினால் அரைக்கணக்கு) நெப்ராஸ்காவின் தடுப்பாட்டக்காரர் சூ நாலாவது இடத்தில் உட்கார்ந்திருந்தார். வருடம் முழுக்கத் தடுப்பாட்டம் ஆடுபவனை இவர்கள் கண்ணெடுத்துப் பார்ப்பதே அபூர்வம், 1997இல் கார்னர்பேக் சார்ல்ஸ் உட்சன் குவாட்டர்பேக் பெய்டன் மேனிங்கை முந்தியது ஒன்றுதான் விதிவிலக்கு, அவரும் கொஞ்சம் கேட்ச், கொஞ்சம் பன்ட் ரிட்டர்ன் (எதிரணி உதைத்த பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவது) என்று காட்டிய பிறகுதான்.

எனக்கு ஒரு சீட்டு கொடுத்திருந்தால் ஹன்டர், ஜென்ட்டி, மூன்றாவதாக அரிசோனா ஸ்டேட்டின் கேம் ஸ்கேட்டபோ. ஓரிகனின் டில்லன் கேப்ரியலுக்கு மூன்றாமிடம் கொடுத்தது குவாட்டர்பேக் என்றாலே ஓட்டுப் போடுகிற பழக்கதோஷம். சீசன் தொடங்குமுன் பிக் 12இல் கடைசி இடம் என்று கணித்த அணியை ஸ்கேட்டபோ தோளில் தூக்கிக்கொண்டு போய் கோப்பை வாங்கிக் கொடுத்தார், ஓடி 1,500 யார்டுக்கு மேல், பிடித்து 500க்கு மேல், அவரை ஐந்தாவதாகத் தள்ளியதற்கு யாராவது காரணம் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.