ரிசல்ட் மோசமாக இருக்கும் என்று கம்பெனியிடமிருந்து முன்கூட்டியே எச்சரிக்கை வரவில்லை என்றால் ரிசல்ட் நன்றாக இருக்குமா?

அப்படி அர்த்தமில்லை. ஜூன் காலாண்டு முடிந்து, பங்கு விலை சரிந்தும் கம்பெனி வாய் திறக்கவில்லை, அதனால் ஐடி பங்கை ரிசல்ட் வரை வைத்திருக்கலாமா என்கிறீர்கள். அந்த மௌனத்தை நம்ப வேண்டாம்.

முன்கூட்டியே எச்சரிப்பது அமெரிக்கக் கம்பெனிகளின் பழக்கம். இங்கே பெரும்பாலும் ரிசல்ட் அன்றைக்குத்தான் விஷயம் தெரியும். 2013 ஏப்ரல் 12 அன்று இன்ஃபோசிஸ் தன் வருவாய்க் கணிப்பைக் குறைவாகச் சொன்னதும் பங்கு ஒரே நாளில் சுமார் 21 சதவீதம் விழுந்தது. டிசிஎஸ் அப்படி எண் போட்டுக் கணிப்பே தருவதில்லை.

விலை இப்போதே சரிவதற்கு, இதே தொழில் செய்யும் வெளிநாட்டு ஐடி கம்பெனியான ஆக்சென்ச்சர் காரணமாக இருக்கலாம். அதன் காலாண்டு மே மாதமே முடிந்து, ஜூன் பிற்பாதியில் ரிசல்ட் வந்துவிடும். அதைப் பார்த்து இங்கே விற்பார்கள். ஏற்காட்டில் காபி பூக்கிற சமயத்து மழை தவறினால், பழம் பறிக்க மாதக்கணக்கில் இருக்கும்போதே சேலத்தில் பேச்சு கிளம்பிவிடும் இல்லையா, அதே கதைதான்.

பெரிய ஐடி பங்குகளின் போக்கைக் காட்டும் நிஃப்டி ஐடி குறியீட்டை அதே நாட்களுக்கு எடுத்து உங்கள் பங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் துறை மீதான பயம். உங்கள் பங்கு மட்டும் இறங்கியிருந்தால் எக்ஸ்சேஞ்ச் தளத்தில் கம்பெனி அறிவிப்புகளைத் தேடிப் படியுங்கள்.

அப்புறம், “கம்பெனிக்கு உள்ளே இருக்கும் உயர் அதிகாரிகள் விற்கவில்லையே” என்று தெம்பாக இருக்காதீர்கள். காலாண்டு முடிந்ததிலிருந்து ரிசல்ட் வந்து 48 மணி நேரம் வரை அவர்கள் விற்கவே பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் விதி விடாது.

ஆகஸ்டில் மகள் கல்லூரிக் கட்டணத்துக்கு வேண்டும் என்ற தொகையை மட்டும் இப்போதே வெளியே எடுத்துவிடுங்கள்.