திறவுகோல் யார் கையில்?

கேள்வி: அமெரிக்காவில் தோன்றிய மோர்மன் சபையின் தொடக்க காலத்தில் பெண்களுக்கும் ஆசாரியத்துவம் (சபைச் சடங்குகளை நடத்தும் அதிகாரம்) இருந்தது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அந்தச் சபையைச் சேர்ந்த தோழியோ அப்படி ஒன்றும் கிடையாது என்கிறாள். கல்லூரி ஆய்வுக்கு எதை எடுத்துக்கொள்வது?

பதில்: இரண்டையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். முதலில் அந்தப் பெண்களே எழுதிய குறிப்பேட்டைப் படியுங்கள்.

1842 மார்ச் 17 அன்று இல்லினாயின் நாவூ நகரில், சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தின் செங்கல் கட்டடக் கடை மாடியில், சபைப் பெண்களின் அமைப்பான ஒத்தாசைச் சங்கம் தொடங்கியது. அவர் மனைவி எம்மா தலைவி, கவிஞர் எலிசா ஸ்நோ செயலாளர். கூட்டக் குறிப்புகளைப் பெரும்பாலும் எழுதியவரும், பிறகு சபை குடிபெயர்ந்த யூட்டாவரை அந்த ஏட்டைப் பத்திரமாகக் கொண்டுபோனவரும் எலிசாதான்.

அதில் ஏப்ரல் 28ஆம் தேதிக் குறிப்பைத் தேடுங்கள். தேவனின் பெயரால், அதிகாரத்தின் அடையாளமான திறவுகோலை “உங்களிடம்” திருப்புகிறேன் என்று ஸ்மித் பெண்களைப் பார்த்துச் சொல்கிறார். 1850களில் சபை வரலாற்றைத் தொகுத்தவர்கள் இதை “உங்கள் சார்பில்” என்று மாற்றிவிட்டார்கள். மாறியது சின்னச் சொல்தான். ஆனால் திறவுகோல் பெண்கள் கையிலிருந்து நழுவிவிடுகிறது. பின்னால் வந்த பதிப்பை மட்டும் படித்தவர்களுக்கு இது தெரியவே வாய்ப்பில்லை. எனக்கு இன்றும் மனதை உறுத்துகிற திருத்தம் இது.

சரி, அதற்காகப் பெண்கள் ஆசாரியர்களாக இருந்தார்கள் என்று எழுதிவிடலாமா? கூடாது. குறிப்பேட்டில் வரும் ‘ஆர்டெய்ன்’ என்ற சொல் அன்று பட்டம் கொடுப்பதற்கும், சாதாரணமாக ஒரு பொறுப்பில் அமர்த்துவதற்கும் பொதுவாகப் புழங்கியது. எம்மாவின் ஆலோசகர்களை அப்படி அமர்த்திய, சபைத் தலைவர்களில் ஒருவரான ஜான் டெய்லரே, அது ஆசாரியத்துவம் கொடுத்தது ஆகாது என்று 1880இல் விளக்கினார். அது 38 வருடம் கழித்து வந்த விளக்கம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

உங்கள் தோழி கேள்விப்படாத ஒன்றும் இருக்கலாம். பெண்கள் நோயாளிகள்மீது கைவைத்து ஜெபிப்பதை ஸ்மித் அதே ஏப்ரல் கூட்டத்தில் ஆதரித்தார். யூட்டாவில் பேறுகாலம் நெருங்கிய பெண்ணைக் கழுவி, எண்ணெய் பூசி, சக பெண்களே ஆசீர்வதித்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் இது மெல்லக் குறைந்தது. 1946இல் நோயாளிகளுக்காக, ஆசாரியத்துவம் பெற்ற ஆண்களான மூப்பர்களை அழைப்பதே நல்லது என்று சபைத் தலைமையிடமிருந்து கடிதம் போனது.

ஜோசப் ஸ்மித் ஆவணத் திட்டத்தின் இணையதளத்தில் குறிப்பேட்டின் கையெழுத்துப் பக்கங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தோழியையும் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த ஏப்ரல் பக்கத்தைச் சேர்ந்தே படியுங்கள்.