பேரி சாண்டர்ஸின் சாதனை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தின் கல்லூரிப் போட்டிகளில், 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் பாய்சி ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் ஆஷ்டன் ஜென்டி பந்துடன் 2,601 யார்டுகள் ஓடி, 1988இல் ஒக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் பேரி சாண்டர்ஸ் ஒரே பருவத்தில் நிறுவிய 2,628 யார்டு சாதனையை 27 யார்டில் தவறவிட்டார். இவ்வளவு நெருங்கி வந்த பின்னும் சாண்டர்ஸையே எல்லோரும் உச்சத்தில் வைப்பது பழைமையின் மீதுள்ள பற்று மட்டும்தானோ என்று எனக்குத் தோன்றுகிறது. தொழில்முறை ஆட்டத்திலும் பெரிய சாதனை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது விலகிச் சென்றவர் அவர். அதை ஒரு குறையாக நீங்கள் கருதவில்லையா?

கா.

அன்புள்ள கா.,

பதிவேட்டின்படி நீங்கள் சொல்லும் 27 யார்டு சரியான கணக்கே. ஆனால் அந்தக் கணக்கு எப்படி எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சாண்டர்ஸ் 2,628 யார்டுகளை ஓடியது 11 ஆட்டங்களில். ஜென்டி 2,601 யார்டுகளை ஓடியது 14 ஆட்டங்களில். பருவம் முடிந்தபின் நடக்கும் பௌல் ஆட்டங்களின் கணக்கை 2002ஆம் ஆண்டிலிருந்துதான் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பருவக் கணக்கோடு சேர்க்கத் தொடங்கியது, முந்தைய ஆண்டுகளுக்கு அந்த விதியைப் பொருத்தவில்லை. ஆகவே 1988 டிசம்பரில் சான் டியேகோவில் நடந்த ஹாலிடே பௌலில் வயோமிங் அணியை ஒக்லஹோமா ஸ்டேட் 62-14 என்று வீழ்த்தியபோது சாண்டர்ஸ் ஓடிய 222 யார்டுகளும் அடித்த 5 டச்டவுன்களும் (எதிரணியின் இறுதிக்கோட்டைக் கடந்து பந்தைக் கொண்டுசேர்ப்பது) அந்தச் சாதனைக்குள் இல்லை. அவற்றையும் சேர்த்தால் 12 ஆட்டங்களில் 2,850 யார்டுகள். ஆட்டத்துக்குச் சராசரி 237 யார்டுக்கு மேல். ஜென்டிக்கு ஏறத்தாழ 186.

ஜென்டியைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. எதிரணிகள் அவர் ஒருவரை நிறுத்துவதற்கென்றே முன்வரிசையில் ஆட்களைக் குவித்த நிலையில், தன்மேல் விழுந்தவர்களை உதறிக்கொண்டு அவர் ஓடிய ஓட்டங்கள் அரிதானவை. இரண்டையும் ஒரே கோலால் அளக்க முடியாது என்பதே என் கருத்து.

எனக்கு இன்னும் வியப்பளிப்பது அந்த ஒரு பருவத்துக்கு முன்னால் இருந்த காத்திருப்பு. கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டாவில் பள்ளி அணியின் முதன்மை ஓட்டக்காரராக அவரை நிறுத்தியதே இறுதியாண்டின் நான்காவது ஆட்டத்தில்தான். 5 அடி 8 அங்குல உயரம் கொண்ட அவரைப் பெரிய கல்லூரிகள் பல நம்பவில்லை. ஒக்லஹோமா ஸ்டேட்டில் சேர்ந்தபின் 1986, 1987 ஆகிய இரு பருவங்களும் தர்மன் தாமஸுக்கு அடுத்த இடத்தில் நின்றார்; தாமஸும் பின்னாளில் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்மன்றத்தில் இடம்பெற்ற பெரும் ஆட்டக்காரர் என்பதால் அதைப் பயிற்சியாளரின் பிழை என்று சொல்ல இடமில்லை. தாமஸ் போனபின் கிடைத்த ஒரே முழுப் பருவத்தில் நான்கு ஆட்டங்களில் 300 யார்டுக்கு மேல் ஓடினார். தரையோட்டத்தில் மட்டும் 37 டச்டவுன்கள். பந்தை ஏந்தி ஓடிய ஒவ்வொரு முறைக்கும் சராசரி 7.6 யார்டு. பருவத்தின் கடைசி ஆட்டம் டோக்கியோவில் டெக்சாஸ் டெக்குடன் நடந்தது. கல்லூரிக் கால்பந்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மன் கோப்பை தனக்கு என்ற செய்தி அவரை எட்டியதும் அங்கேதான். அந்த ஆட்டத்தில் 332 யார்டுகள் ஓடினார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 1989இல் டெட்ராய்ட் லயன்ஸ் என்ற தொழில்முறை அணியில் சேர்ந்த முதல் பருவத்தின் கடைசி ஆட்டம் முடியும் தறுவாயில், அந்த ஆண்டின் மிக அதிக ஓட்ட யார்டுக்கான முதலிடத்துக்கு அவருக்கு இன்னும் 10 யார்டுகளே தேவைப்பட்டன. பயிற்சியாளர் வெய்ன் ஃபோன்டிஸ் அதைச் சொல்லி மீண்டும் களத்தில் இறங்குகிறாயா என்று கேட்டபோது, அணிதான் வென்றுகொண்டிருக்கிறதே என்று மறுத்துவிட்டார். வேறோர் அணியின் கிறிஸ்டியன் ஒகோயே 1,480 யார்டுகளோடு முதலிடம் பெற்றார். சாண்டர்ஸ் 1,470இல் நின்றார். முதல் பருவத்திலேயே இப்படி நடந்துகொண்டவர், 1999 ஜூலையில் வால்டர் பேட்டன் தன் தொழில்முறை ஆட்டக்காலம் முழுவதிலும் ஓடி நிறுவிய 16,726 யார்டு சாதனைக்கு 1,457 யார்டுகள் குறைவாக இருந்தபோது ஓய்வை அறிவித்ததை நான் எப்படிக் குறையாகக் கொள்வேன்?

வருந்த வேண்டியது வேறொன்று உண்டு. அவருடைய பத்துப் பருவங்களிலும், அவற்றில் 1997இல் 2,053 யார்டுகள் ஓடிய பெரும் பருவமும் அடங்கும், பருவத்துக்குப் பிந்தைய வெளியேற்றுச் சுற்று ஆட்டங்களில் லயன்ஸ் ஒரேயொரு வெற்றிதான் கண்டது. அணியை வலுப்படுத்த நிர்வாகம் தவறியதே அதற்கு முதற்காரணம் என்பேன். ஆடும் விருப்பத்தைவிட விலகும் விருப்பம் பெரிதாகிவிட்டது என்று தன் அறிக்கையில் வெளிப்படையாக எழுதிய மனிதரிடம், நம் பட்டியல் நிறைவுபெற இன்னும் ஒரு பருவம் ஓடியிருக்கலாமே என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.