விசைப்படகின் ஆட்டத்தை அடக்குவது எப்படி? படகு உரிமையாளர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 18 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலமுள்ள இரும்புப் படகு. பக்க அலையில் வெடுக் வெடுக்கென்று ஆடுகிறது. டெக்கில் நிற்க முடியவில்லை. ஏராவை (படகின் அடி நடுவில் ஓடும் முதுகெலும்பு) ஒட்டி உள்ளே சிமென்ட் கொட்டினால் அடங்குமா? (காசிமேடு)

கொட்டிவிடாதீர்கள். வெடுக்கென்று ஆடுகிற படகுக்கு நிமிரும் பலம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. அடியில் எடை கூடினால் அந்தப் பலமும் கூடும், ஆட்டம் இன்னும் வேகமாகும்.

முதலில் ஆட்ட நேரத்தை அளந்து பாருங்கள். காற்றும் அலையும் இல்லாத காலையில், துறைமுகத்துக்குள், கயிறுகளைத் தளர்த்தி, படகு சுவரில் படாமல் நிறுத்துங்கள். அடியில் போதிய தண்ணீர் இருக்க வேண்டும். ஆறேழு பேர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் படகின் போக்கோடு சேர்ந்து நடந்து ஆட்டிவிட்டு, நடுவில் நின்றுவிட வேண்டும். இடம், வலம், மீண்டும் இடம் வந்தால் ஒரு முழு ஆட்டம். ஐந்து ஆட்டத்துக்கு நேரம் பிடித்து ஐந்தால் வகுங்கள். இரண்டு மூன்று தடவை செய்து பாருங்கள்.

அகலத்தை 0.8ஆல் பெருக்கி, அந்த நேரத்தால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கினால் ஜி.எம். (படகின் ஆரம்ப நிலைத்தன்மை) ஏறத்தாழ மீட்டரில் கிடைக்கும். உங்கள் படகுக்கு 5 விநாடி வந்தால் 0.92 மீட்டர்; 8 விநாடி வந்தால் 0.36தான். ஒற்றைத் தள மீன்பிடிக் கலத்துக்கு சர்வதேசக் கடல்சார் அமைப்பின் அளவுகோல் குறைந்தது 0.35 மீட்டர். அது 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கலங்களுக்கு எழுதியது என்றாலும், சிறு படகும் அதற்குக் கீழே போகக் கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து.

5 விநாடிக்குப் பக்கத்தில் இருந்தால், ஏற்கெனவே அடியில் போட்டிருக்கும் கல், இரும்புத் துண்டுகளில் கொஞ்சத்தை எடுக்கலாம். ஒவ்வொரு தடவை எடுத்த பிறகும் மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.

கேள்வி: பில்ஜ் கீல் (அடிவளைவில் இருபுறமும் நீளவாக்கில் ஓடும் தகடு) வைக்க நினைக்கிறோம். என்ன அளவு, எப்படி வெல்டு செய்வது? (நாகப்பட்டினம்)

செலவுக்குக் கிடைக்கும் பலனைப் பார்த்தால் இதற்கு ஈடில்லை. வில்லியம் ஃப்ரௌட் 1870களில் ஆங்கிலக் கடற்படைக் கப்பல்களில் சோதித்துக் காட்டியதிலிருந்து இன்றுவரை முதல் சிபாரிசு இதுதான். ஓடும்போதும் நிற்கும்போதும் வேலை செய்யும். நிலைத்தன்மையில் கை வைக்காது.

18 மீட்டர் படகுக்கு நடுப்பகுதியில் 6 முதல் 8 மீட்டர் நீளம், 20 முதல் 25 செ.மீ. அகலம். அடிவளைவில் உடலுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். வெளி ஓரம் படகின் அகலத்தைத் தாண்டவோ ஏராவுக்குக் கீழே இறங்கவோ கூடாது. அப்படி நீட்டினால் ஜெட்டியிலோ மணலிலோ அடிபடும். நீரோட்டம் போகும் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே நின்றால் வேகம் குறையும், டீசல் கூடும்.

உடல் பிளேட்டில் நேராக வெல்டு செய்யாதீர்கள். முதலில் 100 மி.மீ. அகலப் பட்டையை உடலில் முழுச் சுற்றும் வெல்டு செய்து, அதன் மேல் கீலை மெல்லிய வெல்டால் நிறுத்துங்கள். தரை தட்டினால் கீல் பிய்ந்து போகட்டும், உடல் ஓட்டையாகக் கூடாது. பட்டையின் இரு முனையும் உள்ளே ஒரு ஃபிரேமின் மேல் முடிய வேண்டும். இல்லையென்றால் முனையில் விரிசல் கிளம்பும். கீலின் முனைகளை அகலத்தைப் போல மூன்று மடங்கு தூரத்துக்குச் சரிவாக வெட்டுங்கள். பக்கவாட்டில் இழுக்கும் வலையும் தூண்டில் கயிறும் மாட்டாது.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட முடியாது. மீன் அறையின் சுவருக்குள் ஃபோம் அடைத்திருப்பார்கள். வெளியே வெல்டு வைத்தால் உள்ளே அது புகைந்து தீப்பிடிக்கும். அந்தப் பட்டை ஓடும் இடத்தில் ஃபோமை வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே தண்ணீர்க் குழாயுடன் ஓர் ஆளை நிறுத்துங்கள். டீசல் டேங்க் சுவரானால் காலி செய்து, கழுவி, வாயு இல்லை என்று உறுதி செய்யாமல் பற்றவைக்கக் கூடாது.

கேள்வி: தூண்டில் போட்டுவிட்டு இரவெல்லாம் மிதக்கிறோம். தண்ணீர் டேங்க் வைத்து ஆட்டத்தைக் குறைக்கலாம் என்கிறார்களே? (தூத்தூர்)

மிதக்கும் படகுக்குப் பொருத்தமான வழிதான். ஆனால் கணக்குப் பிசகினால் ஆளைக் கொல்லும்.

படகின் குறுக்கே, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை, உயரமான இடத்தில் ஒரு தட்டை டேங்க். உள்ளே ஓடும் தண்ணீர் ஆட்டத்துக்குக் கால் சுற்று பிந்தி வரும். படகு ஒரு பக்கம் சாயப் போகும்போது எதிர்ப்பக்கத்தில் குவிந்து அழுத்தும். இதற்கு அதன் ஓட்ட நேரமும் படகின் ஆட்ட நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அதைத் தீர்மானிப்பது தண்ணீரின் ஆழம்.

படகின் அகலம் 6 மீட்டர், ஆட்ட நேரம் 6 விநாடி (ஜி.எம். 0.64), மொத்த எடை 80 டன், டேங்க் நீளம் குறுக்காக 5.5 மீட்டர் என்று வைப்போம். ஆழம் 34 செ.மீ. வேண்டும். தண்ணீர் மொத்த எடையில் 2 சதவீதம், 1.6 டன். அதற்கு டேங்கின் முன்பின் அகலம் 83 செ.மீ., உயரம் ஒரு மீட்டர். மீன் ஏறி ஆட்ட நேரம் 6.5 ஆனால் ஆழத்தை 29 செ.மீ. ஆக்க வேண்டும். பலரும் ஒரே அளவில் விட்டுவிட்டு, டேங்க் வேலை செய்யவில்லை என்பது இதனால்தான்.

விலை என்ன? தளும்பும் தண்ணீரே ஜி.எம்.மில் சுமார் 15 செ.மீ. தின்னும். உயரத்தில் வைத்த எடை இன்னும் 4 செ.மீ. ஆக 0.64 என்பது 0.45 ஆகும். இந்தப் படகு தாங்கும். 0.5 உள்ள படகு தாங்காது; அதில் இதை நினைக்கவே வேண்டாம். கடல் மோசமானால் ஓரிரு நிமிடத்தில் காலியாகும்படி பெரிய வால்வு வையுங்கள், டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில்.

கேள்வி: இருபுறமும் கம்பம் நீட்டி, நீருக்குள் இரும்பு மீன் இழுக்கிறார்களாமே? (தூத்துக்குடி)

அமெரிக்க மேற்குக் கரை மீனவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்துவது. முக்கோணத் தகடு, மூக்கில் ஈயம், 4 முதல் 6 மீட்டர் ஆழத்தில் ஓடும். ஆட்டம் வெகுவாகக் குறையும். வேகம் அரை முதல் ஒரு நாட் போகும். ஒன்று அறுந்தால் மற்றதை உடனே தூக்குங்கள். இழுவலை போட்டிருக்கும்போதும் துறைமுக வாயிலிலும் இறக்கக் கூடாது.

கேள்வி: கைரோ (வேகமாகச் சுழலும் கனமான சக்கரத்தால் ஆட்டத்தை அடக்கும் கருவி)? (கொச்சியில் தங்கித் தொழில் செய்பவர்)

வேலை செய்யும். விலையும், அதற்கென ஓட வேண்டிய ஜெனரேட்டரும் மீன்பிடிப் படகுக்குக் கட்டுப்படியாகாது.

கேள்வி: திரும்பும் வழியில் திடீரென்று ஆட்டம் ஏறிக்கொண்டே போகிறது. வேகத்தைக் குறைத்தும் பயனில்லை. (இராமேஸ்வரம்)

அலை நேர் பக்கவாட்டில் வந்தால் வேகம் எதுவானாலும் அலையின் நேரம் மாறாது. 6 விநாடி அலை, 6 விநாடிப் படகு என்றால் ஒவ்வொரு அலையும் ஆட்டத்தைக் கூட்டும். சுக்கானைத் திருப்புங்கள். 8 நாட் வேகத்தில் அலையை அணியத்தின் (படகின் முன்பக்கம்) 45 பாகையில் வாங்கினால் அலை 4.6 விநாடிக்கு ஒன்றாக வரும், பொருத்தம் உடையும். அதே 45 பாகையில் பின்னிருந்து வாங்கினால் 8.7 விநாடி ஆகும். அதுவும் பொருத்தத்தை உடைக்கும், ஆனால் பெரிய அலை கடையால் (பின்பக்கம்) பக்கம் ஏறி அடித்துப் படகைக் குறுக்கே திருப்பிவிடும். அணியத்தில் வாங்கி வளைந்து வருவதே மேல்.

கேள்வி: வீல்ஹவுஸ் மேல் மாடி கட்டி வலையை அங்கே ஏற்றினோம். இப்போது படகு மெதுவாக, சுகமாக ஆடுகிறது. நல்லதுதானே? (தேங்காய்ப்பட்டணம்)

வந்த கேள்விகளில் எங்களைக் கவலைப்பட வைத்தது இதுதான். 6 மீட்டர் அகலத்தில் 6 விநாடி ஆடிய படகு 8 விநாடி ஆடினால், ஜி.எம். 0.64லிருந்து 0.36க்கு இறங்கிவிட்டது. சாய்ந்த படகு ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு தயங்கி நிமிர்கிறதா? அப்படியானால் அடுத்த பயணம் போகாதீர்கள்.

நனைந்த வலையை இன்றே கீழே இறக்குங்கள். இரு பக்க டீசல் டேங்குகளை இணைக்கும் வால்வைக் கடலில் மூடியே வையுங்கள். திறந்திருந்தால் சாய்ந்த பக்கத்துக்கு எண்ணெய் ஓடும். மீன் அறையில் தடுப்புப் பலகைகளைப் போட்டு, உருகிய ஐஸ் தண்ணீரை அவ்வப்போது பம்ப் அடித்து வெளியேற்றுங்கள். டெக்கில் ஏறும் தண்ணீர் வடியும் ஓட்டைகளைப் பலகை வைத்து அடைத்திருந்தால் திறந்துவிடுங்கள். இவ்வளவும் செய்த பிறகு, டீசல், ஐஸ் நிரப்பிய நிலையில் ஒரு தடவையும், அவை தீர்ந்து மீன் ஏறிய நிலையில் ஒரு தடவையும் ஆட்ட நேரத்தை அளந்து, இரண்டையும் வீல்ஹவுஸ் சுவரில் எழுதி வையுங்கள். 7 விநாடிக்கு மேல் வந்தால் அந்த மாடியை அகற்றுவதுதான் வழி.