புயல் பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கடலூர்): துறைமுகத்தில் 1-ஆம் எண் கூண்டு ஏற்றினாலே பயப்பட வேண்டுமா?

பதில்: வேண்டாம். தொலைவில் புயல் உருவாகும் சூழல் இருக்கிறது என்று கப்பல்களுக்குச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். 8, 9, 10 வந்தால் பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

கேள்வி (தஞ்சாவூர்): புயலில் காற்றுதானே ஆளைக் கொல்கிறது?

பதில்: காற்றும் கொல்லும். ஆனால் ஆயிரக்கணக்கில் உயிரை எடுப்பது காற்றோடு ஊருக்குள் ஏறும் கடல்நீர். வங்கக் கடலின் வடமுனை ஆழம் குறைந்தது, போகப் போகக் குறுகுவது. காற்று தள்ளிவரும் தண்ணீர் கரையேறத்தான் செய்யும். 1970 நவம்பரில் இன்றைய வங்கதேசத்தைத் தாக்கிய போலா புயலில் 3 லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள்.

கேள்வி (நாகப்பட்டினம்): எச்சரிக்கை கொடுத்தும் எங்கள் ஊரில் பலர் கிளம்ப மாட்டேன் என்கிறார்கள். அறியாமையா?

பதில்: அப்படிச் சொல்லாதீர்கள், எனக்குக் கோபம் வரும். மாட்டை யார் பார்ப்பது, வீட்டுச் சாமான் என்னாகும், முகாமில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டா? இதெல்லாம் நியாயமான கேள்விகள். பதில் கிடைத்தால் மக்கள் கிளம்புவார்கள். ஒடிசாவைப் பாருங்கள். 1999 அக்டோபர் புயலின்போது எச்சரிக்கை இருந்தது, ஒதுங்கப் போதுமான கட்டடங்கள் இல்லை. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். அதன்பிறகு மாநிலப் பேரிடர் ஆணையம் அமைத்தார்கள், கடலோரத்தில் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டினார்கள், ஊர் இளைஞர்களைப் பழக்கினார்கள். 2013-இல் பைலின் வந்தபோது 10 லட்சம் பேர்வரை முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள். அதுவும் கடும் புயல்தான், ஆனால் இறந்தவர்கள் 50-க்கும் குறைவு. வங்கதேசத்தில் கால்நடைகளுக்கென்றே மண்மேடுகள் உண்டு. நம் கடலோரத்திலும் முகாமுக்குப் பக்கத்தில் மாடு கட்ட இடம் கேளுங்கள், கிராம சபையிலேயே கேளுங்கள்.

கேள்வி (ராமநாதபுரம்): நடுவில் காற்று சட்டென்று ஓய்ந்தால் வெளியே வரலாமா?

பதில்: வரவே கூடாது. அது புயலின் கண்ணாக, அதாவது காற்று அடங்கிய நடுப்பகுதியாக இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும்.

கேள்வி (கன்னியாகுமரி): சுனாமிக்கும் இதே ஏற்பாடு போதுமா?

பதில்: புயலுக்கு நாள் கணக்கில் அவகாசம் உண்டு, சுனாமிக்குக் கிடையாது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே நிலநடுக்கம் நடந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலை நம் கரைக்கு வந்துவிட்டது. அப்போது இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை அமைப்பு இல்லை. 2007 முதல் ஐதராபாத்தில் மையம் இயங்குகிறது. ஆனாலும் நிலம் பலமாக அதிர்ந்தாலோ கடல் திடீரென்று உள்வாங்கினாலோ அறிவிப்புக்குக் காத்திருக்காமல் மேட்டுக்கு ஓடுங்கள்.